குடையை யார் நினைக்கிறது?

காலாண்டுப் பரீட்சை முடிந்த முதல் சனி, ஞாயிறுகளில் மாதவரம் பக்கம் விடியற்காலையில் போனால், ஏதாவது ஒரு தெருமுனையில் ஒரு வேன் நிற்கும். பால் பண்ணைப் பக்கத்திலிருந்து ரெண்டு குடும்பம், மூலக்கடையிலிருந்து ஒரு குடும்பம் என்று சேர்ந்து தீம் பார்க்குக்குக் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம்.

வடசென்னைக்காரர்களுக்கு இது சின்னப் பயணம் இல்லை. கப்பல், கன்டெய்னர், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் எல்லாம் இந்தப் பக்கம் இருக்கின்றன; ராட்டினம் எல்லாம் அந்தப் பக்கம்! வி.ஜி.பி. என்றாலும் எம்.ஜி.எம். என்றாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத்தான் போகணும். 1990-களில் வந்த கிஷ்கிந்தா, தாம்பரம் பக்கம். 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா, திருப்போரூர் பக்கம். மாதவரத்திலிருந்து முட்டுக்காடு சுமார் 40 கிலோமீட்டர். ஊரையே வடக்கிலிருந்து தெற்காக ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு போகணும். ஒரு துண்டை மறந்துட்டோம் என்று திரும்பி வந்து எடுக்கிற தூரமா அது?

அதனால்தான் மூட்டை.

மாதமும் லேசுப்பட்டது இல்லை. வெள்ளைக்காரன் இதை இலையுதிர் காலத்தின் ஆரம்பம் என்பான். நம் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார் காலம். மேகம் கறுக்கிற காலம். 'பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்' என்று புரட்டாசியைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறார்களே... ரெண்டும் ஒரே நாளில் நடக்கும் என்பதுதான் அதில் விசேஷம்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. காலையிலிருந்து நிலம் காய்கிறது. மதியம் போல கடல்காற்று உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றும் அதுவும் மோதுகிற இடத்தில் ஈரக்காற்று மேலே எழும்புகிறது. மாலையில் இடிமேகம். ராத்திரிக்குள் ஒரு கொட்டு கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இது வடகிழக்குப் பருவமழை இல்லை. அது பொதுவாக அக்டோபர் மூன்றாவது வாரத்துக்குமேல்தான் வரும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். செப்டம்பர் மழை அதற்கு முன்னால் வருகிற ஒத்திகை. எங்கே பெய்யும் என்று அதற்கே தெரியாது. அண்ணாநகரில் வெளுத்து வாங்கும். அடையாறில் சாலை காய்ந்து கிடக்கும்.

2016-ல் ஓய்வு பெற்ற வானிலை ரமணன் அவர்கள் டி.வி.யில் 'ஒரு சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்' என்பாரே, ஞாபகம் இருக்கிறதா? நாம் சிரித்தோம். ஆனால் அதைவிட நேர்மையான வாக்கியம் இருக்க முடியுமா? 'ஒரு சில', 'பெய்யக்கூடும்'. தெரிந்ததை மட்டும் தெரிந்த அளவுக்குச் சொல்வது. நுங்கம்பாக்கம் ஆபீஸ் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் மூட்டை கட்டுகிறவருக்கு அந்த வசதி இல்லை. குடையைப் பைக்குள் வைக்கணும், இல்லை வைக்கக்கூடாது. 'வைக்கக்கூடும்' என்று ஒன்று கிடையாது!

அந்தப் பைக்குள் என்ன இருக்கும்? ஆளுக்கு ஒரு மாற்று உடை. பல பூங்காக்களில் தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணியோடு விடமாட்டார்கள், அதனால் நைலான் உடை தனியாக. துண்டு. ஈரத்துணி போட பாலிதீன் கவர் நாலு. பெரியவருக்கு பிரஷர் மாத்திரை, சின்னவனுக்கு வாந்தி மாத்திரை. புரட்டாசி என்பதால் கவிச்சி கிடையாது. புளி சாதம், எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாத இடமென்றால் அது வேனிலேயே இருக்கும், அதனால் கெடாத சாப்பாடாகப் பார்த்துக் கட்டணும். குடை. செல்போனை மழையிலிருந்து காப்பாற்ற ஒரு ஜிப் கவர்.

இந்தப் பட்டியலை எழுதி வைத்து யாரும் கட்டுவதில்லை. முந்தின ராத்திரி பத்து மணிக்கு ஒரு தலைக்குள் ஓடுகிற பட்டியல் அது. யாருடைய தலை என்று உங்களுக்கே தெரியும்.

"எதுக்கும்மா இவ்ளோ லக்கேஜ்? நாம என்ன காசிக்கா போறோம்?"

"ஏய், ஒரு நாளைக்கு எதுக்குடி இதெல்லாம்? ஜாலியா கை வீசிட்டுப் போவியா..."

அதே வாய்கள்தான் சாயங்காலம் நாலரை மணிக்கு, இடி இடித்து ராட்டினத்தை நிறுத்தியதும் கேட்கும்: "அம்மா, துண்டு எடுத்தியா?"

சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் கொஞ்சம் நில்லுங்கள். இங்கே ஒரு தர்மக் கேள்வி இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் மூன்று மீன்கள் கதை படித்திருப்பீர்கள். பஞ்சதந்திரக் கதை. குளத்துக்கு மீனவர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வருமுன் காப்பவன் முதல் நாளே வேறு குளத்துக்குப் போய்விட்டது. வரும்போது காப்பவன், வலையில் செத்தது போல நடித்துத் தப்பியது. வந்தபின் காப்பவன் மாட்டிக்கொண்டது. 'முன்யோசனை வேணும்' என்று டீச்சர் நீதி சொன்னார். நாமும் எழுதிக்கொண்டோம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த முதல் மீன் தனியாகப் போனது. அதற்குப் பையே இல்லை! தன் ஒரு உயிருக்கு மட்டும் முன்யோசனை செய்வது புத்திசாலித்தனம். அதில் சுமை குறைவு. மாதவரத்து வீட்டில் இருப்பவர், மற்ற ரெண்டு மீன்களுக்கும் சேர்த்து யோசிக்கிறார். 'பாத்துக்கலாம்' என்று நடக்கிற மீனுக்கும், 'எதுவா இருந்தாலும் அப்போ சமாளிப்பேன்' என்று நெஞ்சை நிமிர்த்துகிற மீனுக்கும் துண்டு எடுத்து வைக்கிறார். இதை அன்பு என்கிறோம். சரிதான். ஆனால் எப்போதும் ஒரே ஆள் மட்டும் செய்கிற அன்புக்கு வேறு பேரும் உண்டு.

நம்முடைய கவலையின்மை இலவசமாகக் கிடைத்ததில்லை. நமக்கும் சேர்த்து இன்னொருவர் கவலைப்பட்டதால் கிடைத்தது. நாம் கை வீசி நடப்பதற்கு யாரோ ஒருவருடைய தோள் வலிக்கிறது. அப்படி இருக்க, 'இவளுக்கு என்ஜாய் பண்ணவே தெரியாது' என்று அவரையே கேலி செய்ய நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பூங்காவுக்குள் இன்னொன்றையும் பாருங்கள். மர நிழலில், பெஞ்சில், நாலு பைகளுக்கு நடுவே ஒரு அம்மாவோ பாட்டியோ உட்கார்ந்திருப்பார். வாடகைக்கு லாக்கர் இருக்கும். 'அதுக்கு வேற தண்டம் அழணுமா?' என்று மிச்சம் பிடித்திருப்பார்கள். உள்ளே வர அவருக்கும் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். முழுக் காசு கொடுத்து உள்ளே வந்து, நாள் முழுக்க ஒரு லாக்கர் வேலை பார்க்கிறார். ஒரு மனுஷியின் ஒரு நாளை லாக்கர் வாடகையைவிட மலிவாக மதித்திருக்கிறோம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. திட்டமிடாமல் நடப்பதுதான் இதில் பயங்கரம்.

'ஒரு பிக்னிக் பைக்கு இவ்வளவு பெரிய பேச்சா?' என்று கேட்பீர்கள். வடசென்னைக்காரர் கேட்க மாட்டார். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த வீடுகள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தன. பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அந்த மாதிரி ராத்திரியில் ரேஷன் கார்டு எங்கே, பிள்ளைகளின் சர்டிஃபிகேட் எந்தக் கவரில், பெரியவரின் மாத்திரை எந்த டப்பாவில் என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? பெரும்பாலும் ஒருவருக்கு. அந்த ஒருவர் வீட்டில் இல்லாத ராத்திரி வந்தால்? தீம் பார்க் பையும் வெள்ளத்துப் பையும் ஒரே கை கட்டுகிற பைதான். ஒன்றில் பழகாதவருக்கு இன்னொன்றில் திடீரென்று ஞானம் வராது.

மூட்டை கட்டுகிறவர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லணும். சிலருக்கு முன்யோசனை மெல்ல பயமாக மாறிவிடும். மழை வந்தால், வெயில் அடித்தால், வழுக்கி விழுந்தால் என்று அடுக்கிக்கொண்டே போய், உல்லாசப் பயணத்தை வீடு மாற்றுகிற வேலையாக்கிவிடுவார்கள். பிள்ளைகளிடம் ஒரு பொறுப்பைக் கொடுக்கச் சொன்னால், 'அதுங்க மறந்துடும்' என்பார்கள். கிரேக்கத் தத்துவ ஞானி எபிக்டெடஸ், நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துப் பார் என்று போதித்தார். வானம் நம் கையில் இல்லை; பை இருக்கிறது. அவர் சொன்னதோடு நாம் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். பை ஒரே கையில் இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

எப்படிப் பிரிப்பது? பையைத் தூக்கிக்கொள்வது மட்டும் போதாது. 'என்ன எடுக்கணும்னு சொல்லு, நான் எடுத்து வைக்கிறேன்' என்று கணவர் சொல்வார். நல்ல மனசுதான். ஆனால் அந்த 'என்ன'வை நினைப்பதுதானே நிஜமான வேலை! அதை அவரிடமே விட்டுவிட்டு, எடுத்து வைக்கிற சுலபத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அதனால் ஒரு பொருளை முழுசாக ஒருவரிடம் விட்டுவிடுங்கள். குடை மூத்தவன் பொறுப்பு. துண்டும் கவரும் சின்னவள் பொறுப்பு. மாத்திரை அப்பா பொறுப்பு. யாரும் ஞாபகப்படுத்தக்கூடாது. மறந்தால்? குடையை மறந்தால் நனையட்டும். செப்டம்பர் சென்னையில் நனைந்த சட்டை உடம்பிலேயே காயும். மறந்த பாடம் காயாது. மாத்திரை அப்படி இல்லை. மறந்தால் இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து வரக்கூடியதை ரெண்டு பேர் சரிபார்க்கணும். மறந்தால் சௌகரியம் மட்டும் கெடுகிறது என்றால், சிரித்துவிட்டு விட்டுவிடணும். எது எந்தப் பக்கம் என்று பிரிக்கத் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும், பாதிப் பாரமும் குறையும்.

அடுத்த முறை கிளம்பும்போது, லாக்கருக்குக் காசு கட்டுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி, ஒரு ராட்டினத்திலாவது ஏற்றுங்கள். "எனக்கு வேண்டாம்ப்பா, தலை சுத்தும்" என்பார். நிஜமாகவே தலை சுத்துமா, இல்லை பையை யார் பார்ப்பது என்ற கவலையா?

இதுவரை நீங்கள் கேட்டதுண்டா?