தேடிக் கொண்ட சிரமத்துக்குச் சலுகை உண்டா?

சென்ற ரமளானில் தாம்பரத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருந்தார். மணமாகி ஏழு ஆண்டுகள் ஆகியும் குழந்தைப் பாக்கியம் இல்லை. சோதனைக் குழாய் முறையில் சிகிச்சை நடக்கிறது. தினமும் வயிற்றில் ஊசி. வயிறு உப்பித் தலை கனக்கிறது; குனிந்து ஸஜ்தா செய்வதும் கடினமாயிருக்கிறது. நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யலாமா என்று வீட்டில் கேட்டாராம். மாமியார் சொன்ன பதில் இது: "நோயாளிக்குத்தானே சலுகை? நீ நோயாளியா? நீயாகப் போய்த் தேடிக் கொண்ட வேதனைக்கு மார்க்கம் எதற்குச் சலுகை தர வேண்டும்?"

மாமியாரைக் கடிந்து கொள்வது எளிது. ஆனால் கேள்வி எளிதானதன்று. காய்ச்சல் நம்மைக் கேட்டு வருவதில்லை. இந்தச் சிகிச்சைக்கோ நாள் குறித்து, பணம் கட்டி, நாமே போய்ப் படுக்கிறோம். விரும்பி ஏற்ற சிரமமும் சிரமம்தானா?

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 184-ஆம் வசனத்தைப் பாருங்கள். நோன்பைப் பின்னர் நோற்கலாம் என்ற சலுகை இருவருக்கு அருகருகே தரப்படுகிறது. ஒருவர் நோயாளி, மற்றவர் பயணி. நோய் நம்மைத் தேடி வருவது. பயணமோ நாமாகப் புறப்படுவது. சரக்கு வாங்கவோ, உறவினர் திருமணத்துக்கோ போகிறவரிடம் "உன்னை யார் போகச் சொன்னது?" என்று மார்க்கம் கேட்கவில்லை. பாவத்துக்காகப் புறப்பட்டவனுக்கு மட்டும் அச்சலுகை இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, சிரமத்தைத் தேடிக் கொண்டது யார் என்பதன்று. தேடிப் போன காரியம் ஆகுமானதா என்பதே.

ஆகுமானது என்று உலமாக்கள் எப்போதோ தெளிவுபடுத்தி விட்டனர். 1978 ஜூலையில் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் நம் நாட்டிலும் ஒரு குழந்தை பிறந்தது. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, நிக்காஹ் நிலைத்திருக்கும் கணவன் மனைவிக்குள், மூன்றாமவரின் விந்தோ முட்டையோ கருப்பையோ புகாமல், தேவையின்போது இம்முறையைக் கையாளலாம் என்று முடிவு செய்தது. ஆகவே நம் சகோதரி சென்றிருப்பது ஆகுமான வழி.

நிற்க. அந்தச் சிரமம் எத்தகையது என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்திருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முட்டை முதிரும் இடத்தில் பல முட்டைகள் முதிர வேண்டும் என்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி போடுகிறார்கள். இடையிடையே ஸ்கேன். பிறகு குறித்த நிமிடத்தில் ஒரு ஊசி. அதிலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். கருவை உள்ளே வைத்த பின்னும் மருந்து தொடர்கிறது. சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, சிறுநீர் குறைந்து போகும். அப்போது பொறுமை காட்டுவது பொறுமையாகாது. அந்த மணிக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இந்த நிலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் வரை நின்று கொண்டே போகும் பெண்கள் எத்தனை பேர்! 2024 முதல் அங்குள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் இயங்குவதால், பல்லாவரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி ஏழைகளுக்கும் வழி பிறந்திருக்கிறது. அந்த 25 கிலோமீட்டர் ஷரீஅத்தின் பயணக் கணக்கில் வராது. உப்பிய வயிற்றின் கணக்கில் வரும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். சத்துக்காக அல்லாமல் மருந்துக்காகப் போடும் ஊசி நோன்பை முறிக்காது என்பது இக்கால உலமாக்களில் பெரும்பாலோர் கருத்து. பெண்ணுறுப்பின் வழியே வைக்கும் மருந்து நம் இரு மத்ஹபுகளிலும் முறித்து விடும். தண்ணீர் நிறையக் குடிக்க மருத்துவர் கட்டளையிட்டிருந்தால் நோன்பைப் பிற்படுத்துவதே முறை. முட்டை எடுத்த பின் காணும் சிறு கசிவு ஊசி பட்ட காயத்தின் இரத்தம். ஹைளு என்று எண்ணித் தொழுகையை விட்டு விட வேண்டாம். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து தொழட்டும். மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நின்று, இயலாவிடில் உட்கார்ந்து, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை புகாரியில் காண்கிறோம். ஐயமிருப்பின் தம் மஹல்லா ஆலிமிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் குறையும் சேர்ந்திருக்கிறது. உயிரணு மிகக் குறைந்த ஆணுக்கும் வழி செய்யும் முறையொன்று 1992-இல் பெல்ஜியத்தில் வந்தது. ஓர் உயிரணுவை ஒரு முட்டைக்குள் நேரே செலுத்துவது. நல்ல முறைதான். ஆனால் அந்த முட்டைக்காக ஊசி ஏற்பவள் யார்? குறை கணவனிடம்; வலி மனைவியிடம். 'மலடி' என்ற சொல் தெருவில் தாராளமாகப் புழங்குகிறது. 'மலடன்' அகராதியிலே உறங்குகிறது. கணவர் முதலில் தம்மைச் சோதித்துக் கொண்டாரா என்று அந்தச் சகோதரிக்குப் பதில் எழுதும்போது கேட்டோம். அவருடைய குறைக்காகத்தான் இந்தச் சிகிச்சையே என்று மறுகடிதம் வந்தது. மாமியாருக்கு அது தெரியாதாம். கணவர் சொல்ல வேண்டாம் என்றாராம்.

இவள் வலிக்கிறது என்று சொன்னால் ஸப்ர் இல்லையென்கிறார்கள். மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று கதறியதைக் குர்ஆன் மறைக்கவில்லை. அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவுமில்லை. காலடியில் நீரோடையும் பேரீச்சம் பழமும்தான் பதிலாக வந்தன.

மாமியாரின் சொல்லில் ஓர் உண்மை இருப்பதை ஒப்புக் கொள்கிறோம். இந்தச் சிகிச்சை கடமையன்று, விருப்பத்துக்குரியது. அப்படியானால் இரண்டாம் முறை தோற்று, மூன்றாம் முறைக்கு வா என்று வீடு அழைக்கும்போது, "என் உடம்பு தாங்காது, போதும்" என்று சொல்லவும் அவளுக்கு உரிமையிருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என்றே அவர்கள் அழைக்கப்பட்டார்கள்.

இவற்றையெல்லாம் எழுதி அந்தக் கடிதத்தை நாம் கணவர் பெயருக்கே அனுப்பினோம், தாயாருக்குப் படித்துக் காட்டுமாறு.