பற்றற்றவன் கையில் துப்பாக்கி

1967இல் ஜான்-பியர் மெல்வில் எடுத்த 'லெ சாமுராய்' என்ற பிரெஞ்சுப் படம் தொடங்கிக் கிட்டத்தட்ட பத்து நிமிடத்துக்கு யாரும் பேசுவதில்லை. சாம்பல் பூத்த அறை, ஒரு கட்டில், கூண்டில் ஒரு குருவி. படுத்துப் புகைத்துக்கொண்டிருந்த ஜெஃப் கோஸ்டெல்லோ எழுந்து, தொப்பியின் விளிம்பை விரலால் நீவிவிட்டுக் கிளம்புகிறான். கூலிக்குக் கொலை செய்வது அவன் தொழில்.

ஜெஃப்பாக நடித்த அலென் தெலோன் திருட்டுக் காரில் உட்காரும் காட்சியைக் கவனிக்க வேண்டும். சாவிக்கொத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறார். கண் மட்டும் மழை வழியும் கண்ணாடிக்கு வெளியே. பதற்றமும் இல்லை, அவசரமும் இல்லை. வழியில் அடுத்த காரில் வந்த பெண் புன்னகைக்கிறாள், பார்க்கிறார், அவ்வளவுதான்.

சொத்து இல்லை, சுற்றம் இல்லை, சாவு பயம் இல்லை. இவன் துறவியா?

மெல்வில் வேண்டுமென்றே அப்படி நினைக்க வைக்கிறார். ஜப்பானிய வாள்வீரனான சாமுராயின் தனிமையைப் புலியின் தனிமையோடு ஒப்பிட்டு, சாமுராய் நெறியான 'புஷிடோ'விலிருந்து என்று படத்தின் தொடக்கத்தில் வரும் மேற்கோள் அவரே எழுதியது! வாள்வீரனின் மனம் எதிலும் தங்கி நிற்கக் கூடாது என்று 17ஆம் நூற்றாண்டில் டக்குவான் சோஹோ என்ற ஜென் துறவி யாக்யூ முனெனோரி என்ற வாள்வீரருக்கு எழுதியது உண்டு. கீதை தெரிந்த நமக்குப் பலன் கருதாத கடமை நினைவுக்கு வரும். ஆனால் ஜெஃப் பலன் கருதுகிறான். கொன்றதற்குக் கூலி வாங்கத்தான் ரயில் பாதைக்கு மேலுள்ள பாலத்துக்குப் போகிறான். பணத்துக்குப் பதில் கையில் குண்டடி கிடைக்கிறது. அறைக்குத் திரும்பித் தானே கட்டுப் போட்டுக்கொள்ளும்போதும் முகம் அசையவில்லை. அது ஞானம் அல்ல, பழக்கம். மெல்விலே ஜெஃப்பை மனநோயாளி என்றுதான் சொன்னார்.

முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காதவர்கள் பொறுத்தருளவும். கொலை நடந்த இரவு விடுதியில் தன்னைப் பார்த்தும் போலீசிடம் காட்டிக்கொடுக்காத பியானோக்காரியைக் கொல்ல ஜெஃப்புக்கு முன்பணம் வந்துவிட்டது. அதே விடுதிக்குப் போய் அவளை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். போலீஸ் சுட்டு வீழ்த்துகிறது. பிறகு பார்த்தால் அவன் துப்பாக்கியில் ஒரு குண்டுகூட இல்லை.

கூலி வாங்கியும் கொல்லாமல் விட்ட இந்த ஒரு இடத்தில்தான் அவன் துறவுக்குப் பக்கத்தில் வருகிறான். தெலோனோ இங்கும் முகத்தை மாற்றவில்லை. கொலைக்குப் போனபோது இருந்த அதே முகம். துறவையும் மரத்துப்போன மனதையும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிரித்துக் காட்ட அவர் மறுத்துவிட்டார். அவருடைய நடிப்பில் ஆகச் சிறந்தது அதுவே.