சம்மதத்துக்கு அடியில்

வீட்டு வேலைகளில் எதை ரோபோவிடம் விடலாம், எதை மனிதரிடமே விட வேண்டும்? பிறர் உதவியின்றித் தம் வீட்டில் வாழும் 21 மூத்தோரிடம் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதைக் கேட்டார்கள். 2014இல் அச்சான அந்த ஆய்வில், வீட்டைத் துப்புரவு செய்யவும் பொருளை எடுத்துத் தரவும் ரோபோ வரலாம் என்றே பெரும்பாலும் விடை வந்தது. குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் ஊட்டிவிடவும் மனிதக் கைதான் வேண்டும் என்றார்கள். மாத்திரை நேரத்தை ரோபோ நினைவூட்டலாம். எந்த மாத்திரை என்பதை அது முடிவு செய்யக் கூடாது.

புதிய கருவியைக் கண்டால் முதியவர்கள் மிரளுவார்கள் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. எங்கே கோடு போட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. குனிய முடியாதவர், விழுந்த கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்லி ஒரு நாளில் பத்து முறை யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தால், பதினோராம் முறை தாகத்தையும் அடக்கிக்கொள்வார். அந்தக் கூச்சத்திலிருந்து விடுவிக்கும் கருவி அவருடைய மானத்தைக் காக்கிறது. வேறு சிலருக்கோ, கழிப்பறைக்குப் போக மகனின் கையைப் பிடிப்பதைவிட எந்திரத்தின் கையைப் பிடிப்பது எளிதாக இருக்கக்கூடும். ஆக, கோடு போடும் உரிமை அந்தந்த மனிதருடையது.

சிக்கல் பெரிதாவது துணைக்காகச் செய்யப்படும் ரோபோக்களில். ஜப்பானின் தகனோரி ஷிபாதா உருவாக்கிய ‘பாரோ’ ஒரு சீல் குட்டியின் வடிவில் இருக்கும். தடவினால் சிணுங்கும், கண் சிமிட்டும். நாயும் பூனையும் எல்லோருக்கும் பழக்கம், பொம்மையை அவற்றோடு ஒப்பிட்டுக் குறை காண்பார்கள். சீலோடு நேரில் பழகியவர் குறைவு. அதனால்தான் அந்த வடிவம் தேர்வானது. மறதி நோய் உள்ளவர்களின் மடியில் அது பல நாடுகளில் இடம் பிடித்திருக்கிறது. இத்தகைய ஆறுதல் ஏமாற்றுதலின்மேல் நிற்கிறது என்று ஆஸ்திரேலியாவின் ராபர்ட் ஸ்பேரோவும் லிண்டா ஸ்பேரோவும் 2006இல் எழுதினார்கள். வலுவான வாதம்தான், ஆனாலும் முழுமையானதல்ல. பொம்மை என்று தெரிந்தே அணைத்துக்கொள்கிறவரை யாரும் ஏமாற்றவில்லை. தெரியாமல் அணைத்துக்கொள்கிறவருக்கும், அலறல் அடங்கியிருக்கும் அரை மணி நேரம் மெய்யான நிம்மதியே. ‘அம்மா அமைதியாகத்தானே இருக்கிறார்’ என்று சொல்லி, பார்க்கப் போகும் நாளைத் தள்ளிப்போடும்போதுதான் தவறு நுழைகிறது.

2022இல் நியூயார்க் மாநில முதியோர் நல அலுவலகம், 800க்கும் மேற்பட்ட மூத்தோரின் வீடுகளுக்கு ‘எலிக்யூ’ என்னும் மேசை ரோபோவைத் தரும் திட்டத்தை அறிவித்தது. கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், அது தானாகவே பேச்சைத் தொடங்கும். நாள் முழுக்கக் குரலே கேட்காத வீட்டில் அப்படி ஒன்று இருப்பதை யார் குறை சொல்ல முடியும்?

பிள்ளைகள் உள்ள வீட்டில்தான் கவனம் தேவை. “ஒன்று வாங்கி வைக்கட்டுமா?” என்று மகள் கேட்கும்போது, “வை, உனக்கும் அலைச்சல் குறையும்” என்று தாய் சொல்கிறார். அந்தச் சம்மதத்தின் அடியில், பாரமாகிவிடக் கூடாது என்ற பல வருடத்துப் பயம் இருக்கலாம். கேட்பவரே பயனடைகிறவராகவும் இருப்பதால், கேள்வி நேர்மையாக இருக்க வேண்டுமானால் மாற்று ஒன்றும் கூடவே வர வேண்டும்: இதை வைக்கட்டுமா, வாரம் ஒருமுறை நான் வரட்டுமா, இரண்டும் வேண்டுமா? மாற்று எதுவுமில்லாமல் வாங்கிய ‘சரி’யைச் சம்மதம் என்று கணக்கில் எழுதுவது நியாயமாகாது. வேலையும் தூரமும் பிள்ளைகளை நெருக்குவது உண்மை. ஆனால் அந்த நெருக்கடியைத் தாயின் விருப்பம் என்று பெயர் மாற்றக் கூடாது.

மறுப்பையும் அதே பொறுமையோடு கேட்க வேண்டும். “அதெல்லாம் முடியாதவர்களுக்கு, எனக்கு எதற்கு?” என்று எண்பது வயதுக்காரர் சொன்னால், அது வெறும் பிடிவாதமாகத் தெரியும். ஆனால் அந்தக் கருவி தன் வரவேற்பறையில் நின்றால், வருகிறவர்கள் தன்னை இனி எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். கேமரா உள்ள கருவியானால் கூச்சம் இரட்டிப்பாகும். விழுந்தால் மகனுக்குத் தகவல் போகும் என்பது பாதுகாப்பு. சாப்பிட்டாரா, எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதும் சேர்ந்தே போகிறது. கேமராவை அணைக்கும் பொத்தான் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, அணைத்த பிறகு ‘ஏன் அணைத்தீர்கள்’ என்று தொலைபேசி வருமா என்பதை வாங்குவதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.