வெத கெட்டுப் போயிருமா?

பூலாம்பாடியில் ஒரு களத்தில் என் அம்மா விதை வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பட்டறையிலிருந்து எடுத்த சின்ன வெங்காயத்தில் அழுகலைக் கழித்து நடவுக்குப் பிரிக்கிற வேலை. எங்கள் சேரிப் பையனும் ஊர்த்தெருப் பெண்ணும் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட சமயம் அது. நிலக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கண்டதோட கலந்தா வெத கெட்டுப் போயிரும்டா. வெங்காயத்துக்கும் அதான், மனுசனுக்கும் அதான்." அம்மா தலை நிமிரவில்லை. கூலி வாங்க வேண்டியிருந்தது. நானும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

அம்மா பொறுக்கியது விதையே இல்லை. நட்ட வெங்காயம் பலவாகப் பிரிந்து அதே வெங்காயமாகத் திரும்பி வருகிறது. உருளைக்கிழங்கும் இப்படித்தான். விதைக்கிழங்கு என்கிறோம், அது மண்ணுக்குள் பருத்த தண்டு. கண்ணோடு வெட்டி நட்டால் தாயின் நகல்தான் முளைக்கும்.

உருளையின் விதை வேறு இடத்தில் இருக்கிறது. செடி பூத்தால் பச்சைத் தக்காளி மாதிரி ஒரு சின்னக் காய் பிடிக்கும். தின்றால் நஞ்சு. உள்ளே நூற்றுக்கும் மேல் விதைகள் இருக்கலாம். முளைக்கப் போட்டால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. தாயைப்போலவும் இருக்காது. நம் சமவெளியின் குளிர்காலக் குறும்பகலில் இந்தக் காய் பிடிப்பது அபூர்வம். சிம்லாவுக்குப் பக்கத்தில் குஃப்ரி மலையில் நன்றாகக் காய்க்கும். குஃப்ரி ஜோதி, குஃப்ரி சுவர்ணா என்ற பெயர்களெல்லாம் அந்த மலையின் பெயரிலிருந்து வந்தவை. 1961இல் நீலகிரி உருளை வயல்களில் வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தாங்கி நின்ற சுவர்ணா ரகம், காட்டு உருளை இனத்தோடு கலந்ததால் கிடைத்தது.

கலக்காமல் நகலெடுத்தே வந்தால் என்ன ஆகும்? அயர்லாந்தின் ஏழைகள் பெரும்பாலும் ஒரே ரக உருளையை நம்பியிருந்தார்கள். 1845இல் கருகல் நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். நோய் மட்டும் கொல்லவில்லை. ஜனங்கள் பட்டினி கிடக்கையில் தானியத்தைக் கப்பலேற்றிய ஆண்டைகளுக்கும் அரசுக்கும் அதில் பங்குண்டு.

மனுதர்மம் பெண்ணை நிலமென்றும் ஆணை விதையென்றும் சொல்கிறது. அகமணம்தான் சாதியின் சாரம் என்று 1916இலேயே அம்பேத்கர் காட்டினார். நிலக்காரர் பேசியது இந்தப் பழைய வேளாண்மைதான். உருளைச் செடி அவரைப் பொய்யாக்குகிறது.

இத்தோடு முடித்துவிடலாம் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. "பாருங்கள், கலந்தால்தான் நல்ல வாரிசு" என்று மேடையில் நம் தோழர்களே பேசுகிறார்கள். எனக்கு அதில் பயமிருக்கிறது. விதையிலிருந்து வருகிற உருளைச் செடிகளில் பெரும்பாலானவை தாயைவிட மட்டமானவை. ஆயிரக்கணக்கில் வளர்த்து, ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கி எறிகிறார்கள். செடிக்கு அது சரி. மனிதப் பிறப்பை விளைச்சல் பார்த்து அளக்க ஆரம்பித்தால் பிடுங்கி எறிவதற்கும் ஒரு கை வந்துவிடும். மனுவின் தராசைத் திருப்பிப் பிடித்தாலும் அது மனுவின் தராசுதான்.

1936இல் கலப்பு மணத்தை வற்புறுத்திய அம்பேத்கர் உயர்ந்த பிள்ளை பிறக்குமென்று ஆசை காட்டவில்லை. அந்நியராய் நிற்பவர்கள் உறவினராக வேண்டும் என்றார். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிச் சாய்த்தார்களே, கொன்றவர்களுக்குத் தாவரவியல் தெரியாததாலா? உறவாக ஏற்க மறுத்த வெறியில் நடந்தது அது.

ஆகவே அந்த நிலக்காரருக்கு என் பதில் இரண்டு பாகம். அய்யா, நீங்க வெதன்னு சொன்னது வெதயே இல்ல. இது முதல் பாகம். ரெண்டாவது, அந்தப் பையனும் பொண்ணும் சேர்ந்து வாழறதுக்கு எந்தச் செடியோட சாட்சியும் வேணாம். அவங்களுக்குப் பிறக்கிற பிள்ளை எப்படி இருந்தாலும் எங்க பிள்ளை. உங்க பேரப்பிள்ளையும்தான்.