இணையவழிக் கற்பித்தலும் ஒப்புரவும்

கல்வியைப் பொதுவுடைமையாகக் கருதும் மரபு இலங்கைக்குப் புதியதன்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1940களில் இலவசக் கல்வி வேரூன்றியபோது கட்டணம் என்னும் மதில் தகர்ந்தது. ஏழையின் பிள்ளையும் வகுப்பறை வாசலைக் கடந்தது. 2020 மார்ச்சில் கொவிட்-19 பெருந்தொற்றினால் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, அந்த வாசல் கைத்தொலைபேசியின் திரைக்குள் இடம்பெயர்ந்தது. அதனை யார் கடந்தனர், யார் கடக்கவில்லை என்பது தொழினுட்பவியலாளர்க்குரிய வினா மட்டுமன்று, அறவியலார்க்குரிய வினாவுமாகும்.

இவ்வினாவை உரைத்துப் பார்ப்பதற்கு மன்னார்த் தீவும் அதனைச் சார்ந்த கரையோரமும் தக்க உரைகல்லாகும். தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி முதலிய தீவகத்து ஊர்களும், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை எனப் பெருநிலக் கரையில் தெற்கே நீளும் ஊர்களும் கல்வி அறுபடுவதன் துயரை நன்கறிந்தவை. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்ப் பிள்ளைகள் பலர் புத்தளத்து அகதிக் குடியிருப்புகளில் படிப்பைத் தொடர நேர்ந்தது. படகேறித் தமிழகம் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் மண்டபம் முகாமிலிருந்து கற்றனர். ஆயின் அந்நாளைய இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. பூட்டிய பாடசாலையும் வெறிச்சோடிய வாங்குகளும் அதற்குச் சான்று பகர்ந்தன. இணையவழி வகுப்பில் வெற்று வாங்கு இல்லை. வராதவனின் பெயர் திரையில் தோன்றாது, அவ்வளவே.

கடற்றொழிலாளர் குடும்பமொன்றைக் கருதிப் பார்க்கலாம். வீட்டில் உள்ளது ஒரேயொரு கைத்தொலைபேசி. கற்கும் பிள்ளைகள் மூவர். தந்தை தொழிலுக்குப் போகும்போது தொலைபேசியும் கடலுக்குப் போகிறது. அது வீட்டிலிருக்கும் வேளையில் மூத்தவனின் விரிவுரையும் இளையவளின் பாடமும் ஒரே நேரத்தில் வருகின்றன. விரிவுரையாளரின் பதிவேட்டில் மூத்தவன் "வரவில்லை" எனக் குறிக்கப்படுகிறான். உண்மையில் வராதது எது? மாணவன் கற்க ஆயத்தமாகவே இருந்தான். பாடமே அவனிடம் வந்து சேரவில்லை. பதிவேடு இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. பாடத்தின் குறை மாணவனின் குற்றமாக எழுதப்படும் இவ்விடத்திலேயே அறச்சிக்கல் தொடங்குகிறது.

பொறுப்புடையோர் வாளாவிருந்தனர் எனக் கூறுதல் நேர்மையாகாது. 2020இல் நேத்ரா தொலைக்காட்சி வழியாகத் தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன. லேர்ன் என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பினூடாகப் பல்கலைக்கழக மாணவர் தரவுக் கட்டணமின்றி விரிவுரைகளில் இணைய வழி செய்யப்பட்டது. இவை போற்றற்குரியன. எனினும் அனைவர்க்கும் ஒன்றையே வழங்குவதும், வழங்கியது அனைவர்க்கும் பயன்படுவதும் வேறுவேறாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது கட்டணமற்ற தரவும் பயனற்றதாயிற்று. தம்பபவனித் திட்டத்தின் முப்பது காற்றாலைகள் மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கின்றன. மின்துண்டிப்போ நாடு முழுவதையும் பற்றியது. கிணற்றில் நீர் இருப்பது மட்டும் போதாது, கயிறும் எட்டவேண்டும்.

கயிறு எட்டாமைக்குக் காரணம் எப்பொழுதும் வறுமையோ மின்சாரமோ அன்று. பாடத்தின் அமைப்பே காரணமாதலும் உண்டு. இலங்கையில் தமிழ்க் குறிப்புகள் பல நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு வந்துள்ளன. கண்ணுக்கு அவை செம்மையான தமிழ். ஆயின் அவ்வெழுத்துருவில் கணினிக்குள் பதிவாவன ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. தமிழ் வடிவம் மேலே போர்த்திய போர்வை மட்டுமே. பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு அக்குறிப்பைக் கேட்க முயன்றால், "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் எழுத்துக் கூட்டமாகவே அதற்குத் தென்படும். அதே குறிப்பு யுனிகோடு முறையில் எழுதப்பட்டிருப்பின் தமிழாகவே ஒலிக்கும். இவ்விரண்டிற்குமிடையே பெரும் பொருட்செலவு இல்லை. எழுதுவோன் தன் வாசகருள் பார்க்க இயலாதவரும் ஒருவர் என எண்ணினானா என்பதே உள்ளது.

அனைவரையும் உள்ளடக்கும் வடிவமைப்பு என்பது இவ்வெண்ணத்தின் செயல்வடிவமாகும். ஒரு மணி நேரக் காணொளி விரிவுரை நூற்றுக்கணக்கான மெகாபைட் தரவை விழுங்கவல்லது. அதனையே நொடிக்கு 32 கிலோபிட் வீதம் ஒலியாக மட்டும் பதிந்தால் ஏறத்தாழ 14 மெகாபைட்டில் அடங்கும். அதன் சாரத்தைப் பத்துப் பக்க யுனிகோடு எழுத்தாகத் தந்தால் 100 கிலோபைட்டே போதியது. மூன்றையும் சேர்த்து வழங்கும் விரிவுரையாளர் மூவகை மாணாக்கரைச் சென்றடைகிறார். அவற்றைப் பின்னர் இறக்கிக்கொள்ள வழிவிட்டால், தந்தை கரைசேர்ந்த பின்னிரவிலும் மூத்தவன் கற்கலாம். கற்பதற்குப் பல வாயில்கள், கற்றதை வெளிப்படுத்தப் பல வழிகள், ஈடுபாட்டைத் தூண்டப் பல முறைகள் என்னும் கோட்பாட்டை 1984இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட காஸ்ட் நிறுவனம் வகுத்தளித்தது. வலுவிழப்புடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. போரினால் உடலுறுப்பையோ கேட்கும் ஆற்றலையோ இழந்தோர் வாழும் வடபுலத்தில் அவ்வுறுதிமொழி வெறும் ஏட்டுச் சொல்லாக நிற்றல் தகாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஒரு வகுப்பில் செவிப்புலன் குன்றிய ஒருவருக்காக ஏனையோர் சுமை தாங்குவதா என்பது முதலாவது. விரிவுரைக்கு அடியெழுத்து இடுதல் அவருக்காகவே தொடங்கலாம். ஆயின் ஆங்கிலமொழிமூல விரிவுரையைப் பின்தொடர இடர்ப்படும் தமிழ் மாணவனும், இரைச்சல் மிகுந்த வீட்டிலிருந்து கற்பவளும் அதனாற் பயன்பெறுவர். அப்படிப் பயன்பெறுவோர் ஒருவரும் இல்லையாயினும் அந்த ஒருவரின் உரிமை குறைந்துவிடாது. எளிதாக்கினால் தரம் தாழும் என்பது இரண்டாவது. எளிதாக்கப்படுவது பாடத்தை அடையும் வழி. பாடத்தின் ஆழம் குறைக்கப்படுவதில்லை. மூன்றாவது மறுப்பே வலிமையுடையது: குறைந்த தரவில் இயங்கும் பாடத்தைப் புகழ்வது, கரையோர ஊர்களுக்கு உரிய தொடர்பு வசதிகளை அளிக்கும் கடமையினின்று ஆட்சியாளரை விடுவித்துவிடாதா? இவ்வச்சம் நியாயமானது. நல்ல வடிவமைப்பு அக்கடமைக்கு ஈடாகமாட்டாது. ஆனால் கோபுரம் எழும்வரை மாணவன் காத்திருப்பதும் நீதியன்று. ஒலிப்பதிவும் எழுத்துப்படியும் ஆயத்தஞ் செய்யும் உழைப்பைத் தனியொரு விரிவுரையாளரின் தோளில் ஏற்றுவதும் முறையாகாது. அதற்குரிய நேரத்தையும் துணையையும் பல்கலைக்கழகம் அளித்தல் வேண்டும்.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார். ஈகை என்பதற்கு வேறோர் அதிகாரம் உண்டு. இரந்து நிற்பவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை; உடன் வாழ்வோரின் தேவையை அறிந்து பொதுவாழ்வில் ஒழுகுவது ஒப்புரவு. பார்வையற்றவருக்கும் தொலைவிலுள்ளவருக்கும் பாடத்தை எட்டச் செய்வதை ஈகையாகக் கருதும்வரை அது ஒருவரின் மனநிலையைப் பொறுத்ததாகவே நிற்கும். ஒப்புரவாகக் கருதும்போது அது கற்பித்தலின் இலக்கணமாகிவிடுகிறது. அந்நிலையில் ஆசிரியர் தம் பதிவேட்டில் ஒரு பெயருக்கெதிரே "வரவில்லை" எனக் குறிக்குமுன், தம் பாடம் அங்கே சென்றதா என்று முதலில் வினவுவார்.