காத்திருக்கும் நேரம் யாருடைய சொத்து?

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தைப் பெரிதாக்கும் வேலையைப் பற்றித்தான் இப்பொழுது நம் கடைத்தெருவில் பேச்சு. ஆண்டொன்றுக்கு 65 இலட்சம் பேருக்கென்று அமைந்த கட்டடம் அது. 2019-ம் ஆண்டிலோ 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் அதன் வழியாய்ப் போய் வந்தார்கள். பத்துப் பேர் உட்காரும் பெஞ்சியில் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்த நிலைமை. இனி 1 கோடியே 20 இலட்சம் பேருக்கு இடமளிக்கும்படி, சுமார் 150 கோடி ரிங்கிட் செலவில் விஸ்தரிக்கிறார்கள். 2028-ல் முடியவேண்டுமென்று குறித்திருக்கிறார்கள். வேலை வேண்டாமென்று சொல்லக்கூடிய வியாபாரி பினாங்கில் ஒருவரும் இரார். 2024 டிசம்பரில் சென்னைக்கு நேர் விமானம் தொடங்கியபோது நாமெல்லாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! சரக்கெடுக்கப் போகிறவனுக்கும் ஊருக்குப் போகிறவனுக்கும் கோலாலம்பூரில் இறங்கி ஏறும் அலைச்சல் மிச்சமாயிற்று.

ஆனால் கட்டி முடியும்வரை, குறுகிய வழியிலும் நீண்ட வரிசையிலும் நிற்கிறவனுடைய நேரத்தை யார் பேரில் பற்று எழுதுவது? இதுவே நாம் ஆலோசிக்க வேண்டிய விஷயம்.

பெரியவர்கள் சிலர் உடனே நம்மைக் கண்டிப்பார்கள். "ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து எத்தனை நாள் கடலில் கிடந்து வந்தோம்! இரண்டு மணி நேரம் நிற்க உங்களுக்கு வலிக்கிறதோ?" என்பார்கள். அவர்கள் பட்ட சிரமத்தை நாம் மறுக்கவில்லை. 1985-ல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தக் காலமே முடிந்துவிட்டது. ஆயினும் இந்த நியாயம் பொருந்துவதாய் நமக்குத் தோன்றவில்லை. கப்பலில் ஏறியவன் நாட்கணக்கில் ஆகுமென்று தெரிந்தே ஏறினான். அதற்கேற்பக் கடையை ஒருவரிடம் ஒப்படைத்தான், அதற்கேற்பக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டான். காற்றும் அலையும் அவனைத் தாமதித்தால் அது இறைவன் நாட்டம் என்று இருந்துவிட்டான். இன்று நமக்கு விற்கப்படுவது "இத்தனை மணிக்குப் புறப்பாடு" என்னும் வாக்கு. ஒரு படி என்று சொல்லி முக்காற்படி அளந்த கடைக்காரன், அந்தக் காலத்தில் அரைப்படிதான் கிடைத்தது என்று வாடிக்கைக்காரரிடம் சமாதானம் சொல்ல முடியுமா?

கட்டுகிறவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பெருநாளைக்கு முன் கடையைப் பூட்டிச் சுண்ணாம்படிப்பதுபோல் இதைப் பூட்டிவிட இயலாது. தீவில் இருப்பது ஒரே ஓடுபாதை, ஒரே நிலையம். குடியிருந்துகொண்டே வீட்டுக்கு ஓடு மாற்றுவதைப்போல, ஒரு மூலையை இடித்து, மறுமூலையில் ஆட்களை நடக்கவிட்டு, பகுதி பகுதியாகத்தான் செய்தாக வேண்டும். இதில் தாமதமே கூடாதென்பவன் கொத்தனாரை வைத்து வேலை வாங்கி அறியாதவன்.

ஒரே நிலையம் என்பதில்தான் பொறுப்பும் கூடுகிறது. நம் தெருவில் ஒரு கடைக்காரர் அஞ்சடியைத் தோண்டிப் போட்டால் ஜனங்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பயத்திலேயே அவர் பலகை போட்டு வழி விடுவார், விலையிலும் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பார். தீவிலிருக்கும் பயணி எங்கே போவான்? பாலம் கடந்து அலோர் ஸ்டாருக்கோ ஈப்போவுக்கோ போகலாம். அங்கே எத்தனை விமானம்? கோலாலம்பூருக்கு ரோட்டு வழியாய்ச் சுமார் 350 கிலோமீட்டர். வேறு வாசல் இல்லாதவனிடம், இடிபாட்டுக்கு நடுவே, நிலையக் கட்டணத்தையும் டிக்கெட்டோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறோம் என்கிற நினைவு, பொறுப்பிலிருப்பவர்களுக்கு இருக்க வேண்டும்.

வியாபாரத்தில் கடனைப் பற்றி நமக்கு ஒரு முறை உண்டு. குறித்த நாளில் கொடுக்க முடியாதவன் முன்கூட்டியே வந்து, "இன்ன காரணம், இன்ன தேதிவரை தவணை கொடுங்கள்" என்று கேட்டால் அவன் நாணயஸ்தன். கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி மார்க்கமும் பணிக்கிறது. கொடுக்க வழியிருந்தும் வாய் திறவாமல் இழுத்தடிப்பதை அது அநியாயம் என்கிறது. தாமதத்துக்கும் இதே தராசைத்தான் பிடிக்க வேண்டுமென்பது நம் கட்சி. வரிசை நீளும் என்பது குற்றமல்ல. எவ்வளவு நீளும் என்று தெரிந்திருந்தும் சொல்லாமல் நிற்கவைப்பதே குற்றம்.

நம் நாட்டில் 2016-ம் ஆண்டின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதி என்று ஒன்று உண்டு. நம்மவரில் பலர் அறிவதில்லை. விமானம் 2 மணி நேரம் தாமதித்தால் கம்பெனியார் சாப்பாடு கொடுக்க வேண்டும். 5 மணியும் அதற்கு மேலும் ஆகி இராத்தங்க நேர்ந்தால் ஹோட்டலும், போக வர வண்டியும் தரவேண்டும். 2024 செப்டம்பர் முதல், 5 மணி தாமதமான விமானத்தில் போக விரும்பாதவன் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், 30 நாளில் கொடுத்துவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இது விமானம் தாமதித்தால் பொருந்துவது. விமானம் நேரத்தோடு கிளம்பி, வாசலில் கார் நெரிசலிலும் பரிசோதனை வரிசையிலும் மாட்டிக்கொண்ட பயணி தாமதித்தால்? கம்பெனியார், "நாங்கள் குறித்த நேரத்தில் போனோம்" என்பார்கள். வரிசையை நடத்துகிறவர், "டிக்கெட் நாங்கள் விற்கவில்லை" என்பார். குத்தகைக்காரர், "எங்களுக்குக் கொடுத்த படத்தின்படி கட்டுகிறோம்" என்பார். மூவர் சொல்வதும் மெய். நஷ்டம் மட்டும் நாலாவது ஆளுக்கு. கூட்டு வியாபாரத்தில் பங்காளிகள் ஆளுக்கொருவராய்க் கையை விரித்தால் அந்தக் கடையை என்னவென்று சொல்வோம்?

கடைசியில் வசவு வாங்குகிறவர் யாரென்றால், கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் கிராணிப் பெண். சீனி விலை ஏறியதற்குக் கடைப் பையனை ஏசுகிறவர்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோமே, அதே கூத்து. (அதிகச் சத்தம் போடுகிறவர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே நேரங்கழித்துப் புறப்பட்டவராயிருப்பார், இது வேறு விஷயம்.)

இவற்றைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று இருக்கிறது. ஊரில் தகப்பனார் மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்து ஒருவன் ஓடி வருகிறான். நம் வழக்கப்படி மையித்தை அதிக நேரம் வைத்திரார். இந்த விமானம் தவறினால் அவனுக்கு முகம் பார்க்கக் கிடையாது. நமக்கோ கடையில் விற்கும் சேலைக்குச் சரக்கெடுக்கும் பயணம். நாளை போனாலும் நடக்கும். அவனை நமக்கு முன்னால் விடலாமா? விடுவதுதானே மனிதத் தன்மை என்று எவரும் சொல்லுவர். ஆனால் நம் பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். அவனை உள்ளே விட்ட கணத்தில் அந்த முப்பது பேரின் இடத்திலிருந்தும் ஒரு பங்கை நாம் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அவர்களில் ஒருவருக்கும் அதேபோல் அவசரம் இருக்கலாம். அவர் வாய் திறவாதவராயிருக்கலாம். பிறர் பணத்தில் தர்மம் செய்து பேர் வாங்குவது சரியா?

நமக்குத் தோன்றும் வழி ஒன்றே. நம் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு நாம் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவது. அப்போது பின்னால் நிற்கும் ஒருவருக்கும் ஒரு அடியும் நஷ்டமில்லை. கொடுத்தது முழுவதும் நம்முடையது. அவ்வளவு தூரம் மனம் வராதென்றால், திரும்பிப் பார்த்துப் பின்னாலிருப்பவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். கேட்டால் பத்தில் ஒன்பது பேர் தலையசைப்பார்கள். கேளாமல் செய்தால் அதே ஒன்பது பேரும் முணுமுணுப்பார்கள்.

விஸ்தரிப்பு வேலைக்கும் இதுவே பொருந்தும். 2028-க்குப் பின் வரப்போகும் பயணிகளுக்காக இன்று நிற்கிறவர்களின் இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் சுகமாய்ப் போய் வர நாம் கொஞ்சம் நிற்கத் தயார்தான். நம்மை ஒரு வார்த்தை கேட்க வேண்டும், தெரிவிக்க வேண்டும். வாசலில் ஒரு பலகை வைத்து, "இங்கிருந்து உள்ளே போய்ச் சேர இந்நேரத்தில் இத்தனை நிமிடம்" என்று தமிழிலும் சேர்த்து எழுதிப் போடலாம். அவசரக்காரர்களுக்குத் தனி வரிசை ஒன்று விடலாம். சங்கத்தின் பேரால் சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுதும் கடிதத்தில் இந்த இரண்டை மட்டும் கேட்போம். கையொப்பமிட விரும்பும் கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வரலாம்.