பாயைச் சுருக்கும் வேளை



பிறவியைக் கடலென்றும், இறைவன் திருவடியைத் தோணியென்றும் கூறுவது நம் சமயத்தில் மிகப் பழகிய உவமை. சீகாழிக்குத் தோணிபுரம் என்றே ஒரு பெயர் உண்டு. ஊழிவெள்ளத்தில் அம்மையப்பர் தோணியில் எழுந்தருளிய தலம் அது. அடியேனும் இந்த உவமையை எத்தனையோ மேடைகளில் எடுத்துக் கூறியிருக்கிறேன். ஆனால் ஒரு சிறு படகில் இருந்து உண்மையான அலையைக் கண்டபின்தான், கடலைப் பற்றி ஒன்றும் அறியாமலே இவ்வளவு காலமும் பேசியிருக்கிறேன் என்பது விளங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில், என் தங்கையின் மகன் தன் பாய்ப்படகில் என்னை ஐல் ஒஃப் வைட் தீவுக்கு அழைத்துச் சென்றான். இருபத்தெட்டு அடிப் படகு. போகும்போது கடல் கோயில் தீர்த்தக்குளம் போலக் கிடந்தது. மறுநாள் நண்பகலில் சிச்செஸ்டர் துறைக்குத் திரும்பப் புறப்பட்டோம். பாதி வழியில் மேற்கு வானம் கறுத்தது. இரவில்தான் வரும் என்று வானொலி சொன்ன காற்று பிற்பகலிலேயே வந்துவிட்டது. ஊரில் நாங்கள் சோளகம் என்போமே, அந்தத் தென்மேற்குக் காற்றுத்தான்.

அது எங்களை வந்தடையுமுன்பே மருமகன் பெரிய பாயைப் பாதிக்கு இறக்கி மடித்துக் கட்டத் தொடங்கினான். "இன்னும் காற்றே வரேல்லையே தம்பி, ஏன் அவசரப்படுகிறாய்?" என்றேன். "பாயைச் சுருக்கலாமோ எண்டு மனதிலை ஒரு நினைப்பு வந்தால் அப்பவே சுருக்கிப்போட வேணும் மாமா. காற்று வந்தாப்பிறகு ஏலாது" என்றான். பிறகு உயிர்காப்பு அங்கியை அணிவித்து, அதிலிருந்த வாரைப் படகில் கொளுவினான். கீழறைக்குப் போகும் வாசலைப் பலகை வைத்து அடைத்தான். சுடச்சுடத் தேநீரும் பிஸ்கட்டும் தந்து, இனி அடுப்பு மூட்ட முடியாது, இப்போதே குடியுங்கள் என்றான். விபூதி பூசியிருக்கிறேன், அங்கி எதற்கு என்று நான் சொன்னதை அவன் காதில் வாங்கவேயில்லை. அது சரிதான்.

சற்று நேரத்தில் அலைகள் எழுந்தன. துறைமுகத்தின் வாயும், அதற்கப்பால் மரங்களும் கண்ணுக்குத் தெரிந்தன. "கரை இந்தா தெரியுது, உள்ளை விடு தம்பி" என்று நான் கெஞ்சாத குறை. அவனோ படகின் முகத்தைத் திருப்பி, வந்த வழியே கடலுக்கு விட்டான். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல!

காரணத்தைப் பின்னர்தான் சொன்னான். அந்தத் துறையின் வாயில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் உள்ளிருந்து வெள்ளம் வெளியே பாயும். காற்று வெளியிலிருந்து உள்ளே தள்ளும். இரண்டும் ஆழமில்லாத இடத்தில் மோதும்போது அலை சுவர் போல எழுந்து உடையும். அதற்குள் அகப்பட்டால் சிறுபடகு கவிழும். ஆழக் கடலில் நன்றாக மூடிய படகு ஆடும், நனைக்கும், வயிற்றைப் புரட்டும், ஆனாலும் மிதக்கும்.

"அப்படியானால் பாய் முழுவதையும் இறக்கிவிடேன்" என்றேன். அதற்கும் மறுத்தான். பாய் ஒன்றுமே இல்லாவிட்டால் படகு நகராது; நகராத படகுக்குச் சுக்கான் பிடிக்காது; அது அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். கைக்குட்டை அளவுப் பாயாவது வேண்டும். அந்தச் சிறு துண்டுப் பாயோடு, ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் போராடி, தீவின் மறைவுக்கு வந்து நங்கூரம் இட்டோம். அவ்வளவு நேரமும் என் வாயில் ஐந்தெழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பக்தியால் அல்ல, பயத்தால். மறுநாள் காற்றுத் தணிந்தபின், நீர் பெருகும் நேரம் பார்த்துத் துறைக்குள் போனோம்.

அன்றிரவு அவன் எனக்கு 1979ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னான். அவ்வாண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி அதே தீவின் கௌஸ் துறையிலிருந்து 303 பாய்ப்படகுகள், அயர்லாந்துக்குத் தெற்கேயுள்ள ஃபாஸ்ட்னெட் பாறையைச் சுற்றிவரும் பந்தயத்திற்குப் புறப்பட்டன. 13ஆம் திகதி இரவு பெரும்புயல் பிடித்தது. பந்தயத்தில் சென்றவர்களுள் 15 பேர் இறந்தனர். 24 படகுகளை அவற்றில் இருந்தவர்கள் கைவிட்டனர். ஆனால் மூழ்கியவை ஐந்துதான்! மற்றவை பின்னர் மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன. படகைவிட்டுக் காற்றடைத்த ரப்பர் மிதவைகளுக்கு மாறியவர்களில் ஏழு பேர் மாண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற படகுகளோ பிறகு பத்திரமாகத் துறைக்கு இழுத்து வரப்பட்டன என்று விசாரணை அறிக்கை கூறுகிறது. மிதவையால் பிழைத்தவர்களும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. அந்த இருட்டில், அந்த இரைச்சலில் முடிவெடுத்தவர்களைக் குறைசொல்ல நாம் யார்? ஆயினும் கடலோடிகள் அதன்பின் இதை ஒரு விதியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள்: படகு தாழ்ந்து, மிதவைக்கு மேல்நோக்கி ஏறவேண்டிய நிலை வரும்வரை படகை விடாதே.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நம் சங்கத்து அன்பர் ஒருவர், சென்ற மாசியில் துணைவியாரைப் பறிகொடுத்தவர், என்னிடம் வந்து மனந்திறந்து பேசினார். பெயர் குறிப்பிடாமல் எழுத அனுமதியும் தந்தார். "நாற்பது வருஷமாகக் காலையிலை விளக்கேற்றித் தேவாரம் படிச்ச வீடு ஐயா. இப்ப சாமியறைக் கதவைத் திறக்கவே மனம் வருகுதில்லை. வீட்டை வித்துப்போட்டு, இதெல்லாத்தையும் விட்டிட்டு, கனடாவிலை மகனோடை போய் இருக்கலாமெண்டு பாக்கிறன்" என்றார்.

மகனிடம் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மூழ்குகிற படகில் இரு என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் காற்று இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. இந்த வேளையில் தெரிகிற கரை எல்லாம் கரையல்ல. ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டை விற்கவேண்டாம் என்றேன். பூசையைச் சுருக்கிக்கொள்ளுங்கள், முழுவதும் இறக்கிவிடாதீர்கள் என்றேன். அபிஷேகம் வேண்டாம், நைவேத்தியம் வேண்டாம், பதிகமும் வேண்டாம். ஒரு திரி, ஒரு நமசிவாய.

திருக்கொள்ளம்பூதூரில் நடந்ததை அவருக்கு நினைவூட்டினேன். திருஞானசம்பந்தர் அங்கு சென்றபோது ஆற்றில் பெருவெள்ளம். ஓடக்காரர் ஓடத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டனர். ஓட்டுவாரும் இல்லை. பிள்ளையார் அடியார்களை ஓடத்தில் ஏற்றி, தம் நாவையே கோலாகக் கொண்டு திருப்பதிகம் பாட, ஓடம் அக்கரை சேர்ந்தது என்று சேக்கிழார் சுவாமிகள் காட்டுகிறார். கை ஓய்ந்த இடத்தில் நா இருந்தது. "உங்களுக்கும் கைதானே வரவில்லை, நா இருக்கிறதல்லவா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, நெடுநேரம் அழுதார்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். விளக்கு எரிகிறதாம். தேவாரம் இன்னும் வாயில் வரவில்லையாம். வரும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வர முயல்வதாகச் சொன்னார். வந்தால் பின்வரிசையில்தான் இருப்பார். "எங்கே இவ்வளவு நாளும் காணவில்லை?" என்று எவரும் கேட்கவேண்டாம், பஞ்சபுராணம் ஓதும்படியும் அழைக்கவேண்டாம் என்று அன்பர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

திருச்சிற்றம்பலம்.